வாய்ப்புண்ணும் புற்றுநோய் மருத்துவமும்

இலக்கணம் பயிலும் மாணவர்க்கு வாய் என்பது புதிய பொருளன்று. எழுத்துக்கள் பிறக்கும் நிலைக்களம் எட்டென்று தொல்காப்பியப் பிறப்பியலிற் கற்கின்றோம். தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்னும் அவ்வெட்டனுள் பல், இதழ், நா, அண்ணம் ஆகிய நான்கும் வாயகத்தன. இதழ் இரண்டும் கூடப் பகரமும் மகரமும் பிறக்கும். நாவின் நுனி மேல்நோக்கி வளைந்து அண்ணத்தைத் தடவ ழகரம் பிறக்கும். இவற்றையெல்லாம் தேர்வுக்காக நெட்டுருச் செய்த யான், இவ்விடங்களுட் பெரும்பாலன மெல்லியதொரு சவ்வினாற் போர்க்கப்பட்டுள்ளன என்பதையும், அச்சவ்வு அழிந்தால் ஓர் எழுத்தைப் பிறப்பித்தலே பெருந்துன்பமாகும் என்பதையும் சென்ற ஆண்டு வரை எண்ணிப் பார்த்திலேன். மருத்துவம் பயிலாத ஒரு தமிழ் மாணவன் இப்பொருளைப் பற்றி எழுதப் புகுந்தமைக்குக் காரணம் எங்கள் இல்லத்தில் நிகழ்ந்ததே. கற்றறிந்தோரிடம் கேட்டும் நூல்களிற் பார்த்தும் தெளிந்தவற்றையே ஈண்டு எழுதுகின்றேன்.

என் தாயைப் பெற்ற ஆச்சி, தாமிரபரணிக் கரையிலுள்ள ஒரு சிற்றூரின் தொடக்கப் பள்ளியில் முப்பதாண்டு ஆசிரியையாக இருந்தவர். ழகரத்தை ளகரமாக ஒலிப்பது எங்கள் சீமையிற் பெருவழக்கு. ஆச்சியின் வீட்டில் அவ்வழக்குச் செல்லாது. ‘பளம்’ கேட்ட பேரப்பிள்ளைக்குப் பழம் கிட்டியதில்லை. இத்துணைக் கண்டிப்புடையவர் வெற்றிலைப் பழக்கம் ஒன்றில் மட்டும் தம்மைக் கண்டித்துக்கொண்டிலர். பள்ளிக்குப் போகுமுன் வாயைக் கொப்புளித்துச் செல்வார்; திரும்பியதும் சுருக்குப்பையை அவிழ்ப்பார். வெற்றிலையோடு பாக்கும் சுண்ணாம்பும் ஒரு துணுக்குப் புகையிலையும் சேர்த்து வலக்கன்னத்தின் உட்புறத்தில் அடக்கிவைப்பது அவர் வழக்கம். அவ்விடத்திலேயே, எழுபத்திரண்டாம் வயதில், ஆறாத புண் ஒன்று கண்டது. சதையிற் சிறிது எடுத்துச் சோதித்ததிற் புற்று என்பது தெளிவாயிற்று.

இந்நோய் நம் தென்கோடிக்குப் புதிதன்று. நெய்யூர் என்னும் ஊர் 1956 வரை திருவிதாங்கூர்ப் பகுதியைச் சார்ந்திருந்தது. இன்று தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ளது. அங்கு இலண்டன் மிஷன் மருத்துவமனையிற் பணிசெய்த பென்டால் என்னும் மருத்துவர், திருவிதாங்கூரிற் கண்ட 1,700 புற்றுநோயாளரைப் பற்றி 1908இல் ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ என்னும் இதழில் எழுதினார். பின்னர் 1933இல், அந்நெய்யூரிலிருந்தே ஐ. எம். ஆர் என்னும் மருத்துவர், வெற்றிலை பாக்கு மெல்வோரிடம் தோன்றும் வாய்ப்புற்றினைக் குறித்து ‘லான்செட்’ இதழில் விரிவாக எழுதினார். புகையிலை சேராத வெற்றிலைபாக்குங்கூடப் புற்றினை விளைப்பதே என்று உலகச் சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆய்வு நிலையம் 2004இல் வெளியிட்ட நூலில் முடிவு கூறிற்று. 1908க்கும் 2004க்கும் இடையே 96 ஆண்டுகள். ஆச்சியின் சுருக்குப்பைக்கு இச்செய்திகளுள் ஒன்றும் எட்டவில்லை.

அறுவை மருத்துவத்தாற் கட்டியை நீக்கினர். அப்புண் ஆறியபின் கதிர்வீச்சு மருத்துவம் செய்யவேண்டும் என்றனர். எங்கள் ஊரார் இதனைக் ‘கரண்ட் வைத்தல்’ என்பர். கதிர்களின் அளவைக் ‘கிரே’ என்னும் அலகாற் கூறுவது மருத்துவர் வழக்கு. நாளொன்றுக்கு 2 கிரே வீதம், திங்கள் முதல் வெள்ளி வரை கிழமைக்கு ஐந்து நாளாக, ஆறு கிழமைகளில் 30 முறை, ஆக 60 கிரே என்பது ஆச்சிக்கு வகுத்த முறை. ஒவ்வொரு முறையும் சில நிமிடங்களே; வலி சிறிதும் இல்லை. முகத்திற்கு அளவெடுத்துச் செய்த வலைபோன்ற மூடியொன்றை மாட்டி, அசையாமற் படுக்கவைப்பர். முதற்கிழமை கழிந்தபொழுது, ‘இதற்கோ இத்துணை அஞ்சினோம்!’ என்று ஆச்சியே நகைத்தார்.

இரண்டாங் கிழமையின் இறுதியில் இரசஞ்சோறு எரிந்தது. வாயின் உட்புறம் செவ்வரளிப் பூப்போற் சிவந்திருந்தது. மூன்றாங் கிழமையில் அச்சிவப்பின் மேல் வெண்ணிறத் திட்டுக்கள் படர்ந்தன. கஞ்சியும் இறங்கவில்லை. தம் எச்சிலைத் தாமே விழுங்க மாட்டாமல், பக்கத்தில் ஒரு குவளையை வைத்துக்கொண்டு அதில் உமிழ்ந்துகொண்டிருந்தார். பேச்சு நின்றது. பழைய சிலேட்டுப் பலகை ஒன்றைப் பரணிலிருந்து எடுத்துக் கொடுத்தோம். வேண்டியவற்றை அதில் எழுதிக் காட்டினார். அக்கிழமை ஞாயிறன்று திருவிருந்து ஆராதனைக்குப் போகவேண்டும் என்று எழுதினார், அழைத்துச் சென்றோம். அப்பத்தின் சிறுதுணுக்கு உலர்ந்த நாவில் ஒட்டிக்கொண்டது. திராட்சரசம் இதழிற் பட்டவுடன் அவர் கண்ணில் நீர் தாரையாக ஓடிற்று. பக்தியின் கண்ணீர் என்று பின்னிருந்தவர்கள் எண்ணியிருக்கக் கூடும்.

மறுநாள் திங்கட்கிழமை. ‘இனி வரமாட்டேன்’ என்று சிலேட்டில் எழுதி, அடியில் இருமுறை கோடிட்டார். பார்க்க வந்த உறவினரும் அதற்குத் துணைநின்றனர். கரண்ட் வாயைச் சுட்டுவிட்டது என்றார் ஒருவர். புற்றுத்தான் வாய்முழுதும் பரவிவிட்டது, அவ்வெள்ளைத் திட்டுக்களே அதற்குச் சான்று என்றார் மற்றொருவர். உடற்சூடு என்று சொல்லி விளக்கெண்ணெயை உச்சியில் தேய்த்தார் மூன்றாமவர். யாங்களோ ஒன்றும் அறியோம். திங்கள், செவ்வாய், புதன், வியாழன் ஆகிய நான்கு நாட்கள் இவ்வாறே கழிந்தன.

வெள்ளியன்று மருத்துவமனையிலிருந்து தொலைபேசியில் அழைத்துக் கேட்டனர். என் தாய் ஆச்சியை ஒருவாறு இணக்கி அழைத்துச்செல்ல, யானும் உடன் சென்றேன். அங்கிருந்த இளம்பெண் மருத்துவர் ஒருவர், கைவிளக்கால் வாயினுள்ளே ஒளிகாட்டி, எங்களையும் பார்க்கச் செய்து, “ஆச்சி, இது உங்கள் நோய் அன்று, உங்கள் மருந்தின் வேலை. இது வரும் என்று எங்களுக்குத் தெரியும். இது போய்விடும் என்பதும் தெரியும்” என்றார். ஆச்சி சிலேட்டை எடுத்து, ‘தெரிந்தால் ஏன் சொல்லவில்லை?’ என்று எழுதி அவரிடம் நீட்டினார். அம்மருத்துவர் சிறிதுநேரம் வாளாவிருந்தார். பின்னர் யான் வீட்டில் தேடிப் பார்த்தபொழுது, மருத்துவம் தொடங்குமுன் ஆச்சியும் என் தாயும் கையொப்பமிட்ட ஆங்கிலத் தாளில் ‘மியூகோசைட்டிஸ்’ என்னும் சொல் ஏழாம் வரியில் இருந்தது. சொல்லாமல் விட்டார் என்றல் கூடாது. விளங்கச் சொன்னார் என்றலும் கூடாது.

இனி அச்சொல்லையே சிறிது நோக்குவோம். இவ்வாய்ப்புண்ணை முன்னைய நூல்கள் ‘ஸ்டொமட்டைட்டிஸ்’ என்றன. ‘ஸ்டொமா’ என்பது கிரேக்க மொழியில் வாய். பின்னர் வந்தோர், புற்றுநோய் மருத்துவத்தால் விளையும் அழற்சியைப் பிற வாய்ப்புண்களினின்றும் பிரித்துக் காட்டவேண்டி ‘மியூகோசைட்டிஸ்’ என்றனர்; இதனைச் சளிச்சவ்வு அழற்சி எனலாம். வாய் முதல் எருவாய் வரை உணவு செல்லும் வழி முழுவதும் இச்சவ்வே போர்த்துள்ளமையின், இப்பெயர் வாய்க்கும் குடலுக்கும் ஒருங்கே பொருந்தும். மருந்தினாற் குடற்சவ்வு புண்படின் வயிற்றுப்போக்கு உண்டாகும். நம் மொழியில் ‘வாய்ப்புண்’ என்பது எல்லாவற்றிற்கும் பொதுப்பெயர். குழந்தைகட்கு வருவதனை ‘அக்கரம்’ என்பர். ஆச்சியின் வாயைக் கண்ட அயலார் அக்கரம் என்றே மொழிந்தனர். பெயர் இருப்பின் பொருள் விளங்கிவிட்டதாக எண்ணுதல் மாந்தர் இயல்பு போலும்.

புண்படுதல் எவ்வாறு நிகழ்கின்றது? எங்கள் ஊர் வயலைக் கொண்டே இதனை விளக்கலாம். வாயின் சவ்வு பல அடுக்குக்களை உடையது. அடியிலுள்ள உயிரணுக்கள் இடையறாது பெருகுவன. பெருகியவை மேலெழும்பி, தேய்ந்து உதிரும் மேலடுக்கின் இடத்தை நிரப்புவன. ஏறத்தாழ ஒரு கிழமை முதல் இரு கிழமைக்குள் சவ்வு முழுவதும் புதிதாகிவிடும். சூடான உணவும் முள்ளும் எலும்பும் நாள்தோறும் உராயும் இடமாதலின் இவ்விரைவு வேண்டற்பாலதே. அடியடுக்கினை நாற்றங்கால் என்றும் மேலடுக்கினை நட்ட வயல் என்றும் கொள்க. புற்றுநோய்க்குரிய கதிரும் மருந்தும் விரைந்து பெருகும் உயிரணுக்களையே மிகுதியுந் தாக்குவன. புற்றணு விரைந்து பெருகுவது; நாற்றங்காலும் விரைந்து பெருகுவதே. கதிருக்கு இரண்டனையும் முற்றப் பிரித்தறியும் கண் இல்லை. நாற்றங்கால் அழிந்த அன்றே வயல் அழிந்துவிடாது. நட்ட பயிர் சில நாள் நிற்கும். அது தேயத் தேய, இடத்தை நிரப்ப நாற்று இல்லாமையால், மண் வெளிப்படும். முதற்கிழமையில் ஆச்சி நகைத்ததும் மூன்றாங் கிழமையில் அழுததும் இதனாலேயாம்.

இவ்விளக்கம் பிழையன்று, ஆயின் முழுமையுமன்று. அடியணுக்கள் நேரே அழிவதே காரணம் என்றுதான் நெடுங்காலம் கருதிவந்தனர். அமெரிக்கப் பல்மருத்துவ அறிஞர் ஸ்டீபன் சோனிஸ் என்பார் 1998இல் தொடங்கி, 2004இல் விரிவாக, இதனினும் நுட்பமானதொரு முறையைக் காட்டினார். அவர் கூற்றின்படி இப்புண் ஐந்து நிலைகளைக் கடப்பது. கதிரோ மருந்தோ உட்புகுந்த அன்றே, அணுக்களினுள் கேடுவிளைக்கும் உயிர்வளி மூலகங்கள் தோன்றி, மரபுப்பொருளாகிய டி.என்.ஏ. இழைகளை அறுக்கின்றன. இது மேலடுக்கில் மட்டுமன்றி, அதன் அடியிலுள்ள இணைப்புத் தசையிலும் குருதிக் குழாய்களின் உட்சுவரிலும் நிகழ்கின்றது. கண்ணுக்கு ஒன்றும் புலனாகாது. அடுத்து, இக்கேட்டினை உணர்ந்த அணுக்கள் அபாய அறிவிப்புப்போல் அழற்சிப் பொருள்களைச் சுரக்கின்றன. மூன்றாவதாக, அவ்வறிவிப்பே மேலும் அறிவிப்பைத் தூண்டி, ஒன்று பத்தாகப் பெருகுகின்றது. வெளிப்படையாகப் புண் தோன்றுவது நான்காவது நிலையிலேதான். ஆறுதல் ஐந்தாவது. ஆகவே, வாய் சிவக்கக் கண்டு நாம் திடுக்கிடும்பொழுது கதையிற் பாதி முன்னமே நடந்து முடிந்திருக்கும்.

வெண்ணிறத் திட்டு என்றேனே, அது சீழுமன்று, புற்றுமன்று. புண்ணின் மேல் உறைபொருளும் இறந்த அணுக்களும் சேர்ந்து அமையும் போலிச்சவ்வு அது. அதன்கீழ் நரம்பு முனைகள் வெளிப்பட்டுக் கிடத்தலின் வலி பொறுக்கலாற்றாது. வாயில் இயல்பாக வாழும் நுண்கிருமிகளும் அங்கே குடியேறும். இவ்விடத்தில் ஓர் இடரைக் குறிப்பிடவேண்டும். கீமோதெரபி என்னும் மருந்து சிகிச்சை பெறுவோர்க்கு, அம்மருந்தே குருதியின் வெள்ளையணுக்களையும் அதே நாட்களிற் குறைத்துவிடும். காவலர் இல்லாத வேளையிற் கதவும் திறந்துகிடந்தாற்போல, கிருமிகள் புண்வழியே குருதியிற் கலந்து உயிர்க்கு இறுதி விளைத்தலும் உண்டு. வாய்ப்புண்ணோடு காய்ச்சலும் கண்டால் ஒரு நாளுந் தாழ்க்கலாகாது என்று மருத்துவர் வற்புறுத்துவது இதுபற்றியே.

மருந்தினால் வரும் புண்ணும் கதிரினால் வரும் புண்ணும் ஒன்றே எனினும் நடையில் வேறுபடுவன. மருந்து செலுத்தி நான்கு முதல் ஏழு நாட்களில் எரிச்சல் தொடங்கும். இரண்டாங் கிழமையில் மிகும். மூன்றாங் கிழமையளவில் வெள்ளையணுக்கள் மீளப் புண்ணும் ஆறும். அதுவும் உள்ளிதழ், கன்னத்தின் உட்புறம், நாவின் அடி, மெல்லண்ணம் என்னும் மெல்லிய இடங்களிலேயே மிகுதி; நாவின் மேற்புறமும் வல்லண்ணமும் ஈறும் தடித்த போர்வையுடையன ஆதலின் பெரும்பாலும் தப்பும். கதிரோ இவ்வேறுபாடு பாராது. தான் படும் வழியிலுள்ள சவ்வையெல்லாம் தாக்கும். ஏறத்தாழ 20 கிரே சேர்ந்தவழிச் சிவப்பும், 30 கிரே அளவிற் புண்ணும் தோன்றும். சிகிச்சை முடியும்வரை தணியாது. முடிந்தபின் இரண்டு முதல் நான்கு கிழமையில் ஆறத் தொடங்கும், சிலர்க்கு இன்னும் நீளும். ஆச்சியின் இரண்டாங் கிழமைக்கும் மூன்றாங் கிழமைக்கும் இக்கணக்கு இம்மியளவும் பிசகவில்லை. 1920களில் பாரிசு மாநகரின் ரேடியம் நிலையத்தில், கதிரைச் சிறுசிறு கூறாகப் பல நாட்களுக்குப் பகுத்துக் கொடுக்கும் முறையை வகுத்த ஆன்றி கூத்தார் என்னும் மருத்துவர், தொண்டைச் சவ்வு இன்ன நாளளவில் புண்படும், இன்ன நாளளவில் ஆறும் என்பதைக் குறித்து வைத்தவர். நூறாண்டாகப் பஞ்சாங்கம்போல் அறியப்பட்ட ஒன்று எங்கள் வீட்டில் இடிபோல் விழுந்ததே என்பதுதான் என் வருத்தம்.

எத்துணைப் பேர்க்கு இது வரும்? தலை கழுத்துப் பகுதிகளிற் கதிர்வீச்சுப் பெறுவோருள் ஏறத்தாழ அனைவர்க்கும் ஓரளவேனும் வரும். எலும்புமச்சை மாற்றத்திற்காக மிகுந்த அளவில் மருந்து பெறுவோருள் 100க்கு 80 பேர் வரையும், பொதுவாகக் கீமோதெரபி பெறுவோருள் 100க்கு 20 முதல் 40 பேர் வரையும் என்பர். மருந்துகளுள் மெத்தோட்ரெக்சேட், ஃபுளூரோயுராசில், சைட்டராபின், டாக்ஸோருபிசின், மெல்ஃபலான் என்பன இதில் பேர்போனவை. முதலிற் கூறியதன் வரலாற்றோடு நம் சென்னைக்கும் ஒரு தொடர்புண்டு. சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்று 1923இல் அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் என்னும் ஆந்திர அறிஞர், லெடர்லி ஆய்வுக்கூடத்தில் ஃபோலிக் அமிலத்தையும், அதன் பகையாகிய அமினாப்டெரின் முதலிய மருந்துகளையும் ஆக்கிய குழுவிற்குத் தலைவராயிருந்தார். அமினாப்டெரினைக் கொண்டே, பாஸ்டன் நகரில் சிட்னி ஃபார்பர், குருதிப்புற்றுடைய 16 குழந்தைகளுள் 10 குழந்தைகட்கு நோய் சிறிது காலம் தணியக் கண்டு 1948இல் வெளியிட்டார். அதே ஆண்டில் சுப்பாராவ் காலமானார். அம்மருந்தின் தீய விளைவாக அன்றே காணப்பட்டவற்றுள் வாய்ப்புண்ணும் ஒன்று. புற்றினை வெல்லும் மருந்தும் வாய்ப்புண்ணும் உடன்பிறந்தன என்றே சொல்லலாம்.

இதன் கடுமையை அளத்தற்கு உலகச் சுகாதார நிறுவனம் 1979இல் வெளியிட்ட அளவுகோல் ஒன்று உண்டு. சிவந்து நொந்தால் முதற்படி. புண் இருந்தும் சோறு உண்ண இயலுமாயின் இரண்டாம் படி. கஞ்சி போன்ற நீருணவு மட்டுமே இறங்குமாயின் மூன்றாம் படி. வாய்வழி யாதும் இறங்காதாயின் நான்காம் படி. புண்ணின் நீள அகலங்களை அளவாமல் ஒருவன் உண்ணும் உணவைக் கொண்டே நோயை அளந்த இம்முறை எனக்கு மிகவும் பிடித்திருக்கின்றது. ஆச்சி மூன்றாம் படியின் விளிம்பில் நின்றார். நான்காவதற்குப் போயிருப்பின், மூக்கின்வழி வயிற்றுக்குக் குழாய் செலுத்தி உணவூட்டியிருப்பர்.

இழந்த நான்கு நாட்களைப் பற்றி அம்மருத்துவர் சொன்னது இன்னும் என் நெஞ்சை விட்டகலவில்லை. கதிர்வீச்சை இடையில் நிறுத்தினால், எஞ்சிய புற்றணுக்கள் அவ்விடைவெளியிற் பெருகத் தலைப்படுகின்றன. தலை கழுத்துப் புற்றுக்களில், வகுத்த காலத்தின் மேல் நீளும் ஒவ்வொரு நாளுக்கும், நோய் அவ்விடத்தில் அடங்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்று அல்லது சற்று மேலாகக் குறையும் எனக் கணித்துள்ளனர். வாய்ப்புண் பெரும்பாலும் உயிரைக் கொல்வதன்று. ஆனால் அதற்கு அஞ்சி மருத்துவத்தை விட்டுவிடின் அவ்விடுகை கொல்லவல்லது. நான்கு நாட்களாற் குறைந்தது எவ்வளவு என்று யான் கேட்டேன். கணக்கிற் காட்டாமல், “இனிமேல் ஒரு நாளும் விடாதீர்கள்” என்று மட்டும் சொன்னார். சில நாட்களில் மாலையில் இரண்டாம் முறையும் கதிர் வைத்து இழந்ததிற் சிறிது ஈடுசெய்யலாம் என்று ஏற்பாடு செய்தார். இரு முறைக்கும் இடையே ஆறு மணி நேரமேனும் கழியவேண்டுமாதலின், அந்நாட்களில் மருத்துவமனை வேப்பமரத்தடியே எங்கள் இல்லமாயிற்று.

இதனை வாராமற் காத்தல் முற்றும் இயலாது. கடுமையைக் குறைத்தல் இயலும். ஃபுளூரோயுராசிலை ஒரே முறையாக நரம்பிற் செலுத்தும்பொழுது, அதற்கு ஐந்து நிமிடம் முன்னிருந்து அரைமணி நேரம் பனிக்கட்டித் துண்டுகளை வாயில் அடக்கிக்கொண்டால் புண் குறையும் என்று 1991இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டிற்று. அம்மருந்து குருதியில் மிகுதியாக நிற்பது சில நிமிடங்களே. அவ்வேளையிற் குளிர்ச்சியால் வாயின் குருதிக்குழாய்கள் சுருங்கினால் மருந்து அங்கே மிகுதியாகச் செல்லாது. இத்துணை எளிய முறை வேறு எந்நோய்க்கு உண்டு! மிகுந்த அளவில் மெல்ஃபலான் பெறுவோர்க்கும் இது பயன்படுகின்றது. கதிருக்கு இது பயனில்லை. குளிர் கதிரைத் தடுக்காது. தாழ்ந்த ஆற்றலுடைய செந்நிற லேசர் ஒளியைச் சவ்வின் மேற் பாய்ச்சும் முறை ஒன்று உண்டு; கதிர்வீச்சுப் பெறுவோர்க்கும் எலும்புமச்சை மாற்றம் பெறுவோர்க்கும் அதனைப் பன்னாட்டு அறிஞர் குழு பரிந்துரைக்கின்றது. சவ்வணுக்களை வளர்க்கும் பாலிஃபெர்மின் என்னும் மருந்தை 2004இல் அமெரிக்க அரசு ஒப்புக்கொண்டது. விலையோ நம்மனோர்க்கு எட்டாதது. பென்சிடமின் என்னும் வாய்நீரும் கதிரால் வரும் அழற்சியைக் குறைக்கும். 2020இல் வெளிவந்த அக்குழுவின் நெறிமுறைகளில் தேனும் இடம்பெற்றுள்ளது கண்டு ஆச்சிக்கு மெத்த மகிழ்ச்சி. ஆயினும் தேனின் இனிப்புப் பல்லுக்குப் பகையாதலின் மருத்துவரைக் கேட்டே கொள்ளவேண்டும். குளோர்ஹெக்சிடின் என்னும் வாய்நீர் கதிரால் வரும் இப்புண்ணைத் தடுப்பதன்று என்று அந்நெறிமுறைகளே கூறுகின்றன. யாங்களோ அதனையே கடையில் வாங்கி, கொப்புளிக்கச் செய்து, எரிச்சலை மிகுவித்திருந்தோம்.

இல்லத்திற் செய்தற்குரியனவே யான் மிகுதியுங் கற்றவை. ஒரு குவளை வெதுவெதுப்பான நீரிற் கால் தேக்கரண்டிச் சமையற்சோடாவும் அதிற் பாதியளவு உப்பும் கலந்து, விழித்திருக்கும் வேளையில் சில மணிக்கொருமுறை கொப்புளிக்கச் செய்தோம். புண்ணை இது ஆற்றுவதன்று. வாயைத் தூய்மையாகவும் ஈரமாகவும் வைப்பது. பல்துலக்குதலை வலியின் பொருட்டு நிறுத்திவிட்டிருந்தார். மிக மெல்லிய தூரிகையை வெந்நீரில் நனைத்து மீண்டுந் தொடங்கச் செய்தோம். மிளகாய், புளி, எலுமிச்சை, சூடு, முறுகல் ஆகியவை விலக்கப்பட்டன. எங்கள் வீட்டு அடுக்களையில் மிளகாயும் புளியும் நீக்கியபின் எஞ்சுவது யாது என்று என் தாய் அயர்ந்துபோனார். தேங்காய்ப்பாலும் குழைந்த சோறும், காரமின்றி மசித்த மணத்தக்காளிக் கீரையும், ஆறிய பாலில் ஊறிய இடியாப்பமும், மோரின் புளிப்பு நீங்கிய தயிரும் கைகொடுத்தன. வாய்ப்புண்ணுக்கு மணத்தக்காளி என்பது நம் பாட்டியர் முறை. கதிரின் புண்ணை அது ஆற்றிற்று என்று யான் கூறேன். விழுங்க எளிதாயிருந்தது, அதுவே போதும்.

நாவின் ஒருபுறத்தில், துடைத்தால் எழும் வேறுவகை வெண்படலம் ஒன்று நான்காங் கிழமையில் தோன்றிற்று. அதுதான் காளான் வகைக் கிருமி; அதற்கு வேறு மருந்து கொடுக்க, மூன்று நான்கு நாட்களில் அகன்றது. வெள்ளையெல்லாம் ஒன்றன்று என்பதை அறிதல் வேண்டும். வலிக்கு முதலில் உணவுக்கு முன் வாயை மரக்கச் செய்யும் மருந்தும், அது போதாதபொழுது மார்ஃபினும் கொடுத்தனர். மார்ஃபின் என்றவுடன் உறவினர் மீண்டும் கூடினர். இறுதிக் காலத்திற்கு உரிய மருந்தன்றோ அது என்றனர். அன்று, வலிக்கு உரிய மருந்து அது. புண் ஆறியபின் மருத்துவர் அதனைச் சிறிது சிறிதாகக் குறைத்து நிறுத்திவிட்டார். அதனை உண்டபின்பே ஆச்சி ஓரிரவு முழுவதும் உறங்கினார். எங்கள் வீடும் உறங்கிற்று.

அந்நாட்களில் ஆச்சியின் பக்கத்திலிருந்து பிறப்பியலைப் படித்தேன். பிழைபொறுக்க, இதனை ஆராய்ச்சி என்று கூறத் துணியேன். பேச முயன்றபொழுதெல்லாம் எவ்வெழுத்து அவரை வருத்திற்று என்பதைக் குறித்து வந்தேன். கண்டத்திற் பிறக்கும் அகரமும், நாவின் அடிப்பகுதி தொழில்செய்யும் ககரமும் ஒருவாறு வந்தன. இதழ் கூடும் பகர மகரங்கள் உள்ளிதழின் புண்ணை ஒன்றோடொன்று ஒட்டவைத்தலின், ‘அம்மா’ என்பது பெருந்தடையாயிற்று. எல்லாவற்றினுங் கொடியது ழகரம். நா வளையும்போது அதன் அடிப்புறத்துச் சவ்வு இழுபடும். அங்கேதான் புண் மிகுதி. ஆகவே தம் வாழ்நாளெல்லாம் பிறர்க்குக் கற்பித்த அவ்வெழுத்தை ஆச்சி ஒலிக்கவே மறுத்தார். ளகரமாகவேனும் சொல்லலாமே என்றேன். சிலேட்டில், ‘அதைவிட ஊமையாக இருப்பேன்’ என்று எழுதினார்.

முப்பதாம் முறை முடிந்த அன்றைக்கும் வாய் அவ்வாறே இருந்தது. அதற்குப் பின் ஒன்றரைக் கிழமையும் அவ்வாறே. முடிந்தவுடன் ஆறிவிடும் என்று எதிர்பார்த்தல் கூடாது என்பதை முன்னரே சொல்லக் கேட்டிருந்தமையால் இம்முறை ஒருவரும் அஞ்சவில்லை. விளக்கெண்ணெய் கொண்டுவந்தவரை என் தாய் வாயிலிலேயே நிறுத்தி, காப்பி கொடுத்து, நாட்கணக்கை எடுத்துச் சொல்லி அனுப்பிவிட்டார். திட்டுக்கள் ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வந்தன. புதிய சவ்வு கரையிலிருந்து நடுவுக்குப் படர்கின்றது என்பதைக் கைவிளக்கில் யானே கண்டேன். உமிழ்நீர் மட்டும் இன்னும் முன்போற் சுரக்கவில்லை. கதிர் உமிழ்நீர்ச் சுரப்பிகளையும் தாக்கியதன் விளைவு அது, சிலர்க்கு நெடுநாள் நிற்கும். சுருக்குப்பையில் இப்போது வெற்றிலை இல்லை. சிறிய தண்ணீர்ப்புட்டி ஒன்று சுருக்குக் கயிற்றின் வழியே தலைநீட்டிக்கொண்டிருக்கின்றது.

ஐந்தாங் கிழமையின் ஒரு காலை, யான் கல்லூரிக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தேன். அடுக்களைத் திண்ணையில் அமர்ந்திருந்த ஆச்சி, சிலேட்டைத் தேடாமல், என் தாயை நோக்கி, “பழையது இருக்கா?” என்றார். ழகரம் பழுதின்றி வந்தது. நீரூற்றிய சோற்றைப் பிசைந்து கொடுத்தார்கள். கூட ஒரு சின்ன வெங்காயமும் கேட்டார். அது எரிந்தது, எடுத்து வைத்துவிட்டார்.